திதி நாளில் சிவப்புப் பயறு

என் கொல்லையில் நான் விதைத்து, நான் பறித்து, நான் அடித்துத் தூற்றிய பயற்றை என் வீட்டு அடுப்பில் நான் சமைக்கக் கூடாதாம். நாலு வருடமாக இதுதான் சட்டம். சட்டம் போட்டவர் என் கணவரின் அண்ணன். யாருக்காகப் போட்டார் என்றால், செத்துப்போன என் கணவருக்காக.

சிவப்புப் பயறு இருக்கும் இடத்துக்கு ஆவி வராது. அந்த நிறத்தைக் கண்டாலே ஓடிவிடும். அதனால்தான் தொங்ஜி அன்று, வருடத்திலேயே இரவு நீண்ட அந்த நாளில், எல்லா வீட்டிலும் பயற்றங்கஞ்சி காய்ச்சி, ஒரு கரண்டி எடுத்து வாசல் கதவில் பூசிவிட்டு மிச்சத்தைக் குடிக்கிறோம். ஆனால் நல்ல ஆவி எது, கெட்ட ஆவி எது என்று பயற்றுக்குத் தெரியாது. அதனால் திதிப் படையலில் மட்டும் அதைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் சாப்பிட வந்த முன்னோர்களும் வாசலோடு திரும்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

என் கணவர் சோங்மான் செத்தது பதினோராம் மாதத்தில், தொங்ஜியை ஒட்டி. சாகிற நேரத்தில்கூட எனக்கு ஒரு சௌகரியம் செய்துவைக்க அவருக்கு மனசு வரவில்லை. திதி சந்திரக் கணக்கு, தொங்ஜி சூரியக் கணக்கு. ஒரு வருடம் திதி முன்னால் வரும், ஒரு வருடம் பின்னால் போகும். எப்படி வந்தாலும் சரி, அந்த மாதம் முழுக்க இந்த வீட்டுக்குள் ஒரு பயறுகூட இருக்கக் கூடாது என்று மூத்தார் சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா? முதல் வருடம் நேரில் வந்து, சமையலறையில் ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்த்தார். நான் பயறு போட்டு மூடி வைத்திருந்த குளிர்பான பாட்டில்களை எல்லாம் கோணியில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். என் சமையலறையில், என் எதிரிலேயே.

பக்கத்து வீட்டு சுன்தோக் கோணியை வாங்கி உள்ளே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“உசுரோட இருந்தப்ப வேலைன்னா ஓடுவான். இப்ப ஒரு பயறைப் பாத்தும் ஓடுறானா? ஒரு இடத்துல நிக்கவே மாட்டானாடி உன் புருஷன்?”

“அடிக்கும்போது நிப்பான்” என்றேன். “நின்னு நிதானமா அடிப்பான்.”

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

பயறு என்ன, தானாக வந்து பாட்டிலில் விழுகிறதா? வாற்கோதுமையை அறுத்த கையோடு, மழைக்கு முன்னால் குனிந்து குழி குழியாகப் போட வேண்டும். போட்டதும் எங்கிருந்துதான் வருமோ, புறா வந்துவிடும். புறாவிடமிருந்து தப்பி இரண்டு இலை விட்டால் மலையிலிருந்து மான் இறங்கி மேய்ந்துவிட்டுப் போகும். அதையும் தாண்டிக் காய்த்தால், எல்லாக் காயும் ஒன்றாக முற்றுவதும் இல்லை. ஒரே செடியில் ஒரு காய் காய்ந்து வெடிக்கும், பக்கத்துக் காய் அப்போதுதான் பச்சையாக நிற்கும். காத்திருந்து மொத்தமாக அறுக்கலாம் என்று நினைத்தால் பாதி மண்ணுக்குப் போய்விடும். அதனால் பனி காய்வதற்குள் தினமும் போய், மடியைக் கட்டிக்கொண்டு, காய்ந்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். இடுப்பு என்னுடையது. மூத்தாருடையது இல்லை.

பிறகு பாயில் கொட்டித் தடியால் அடிக்க வேண்டும். அந்தத் தடியால்தான் என் மகள் ஓக்ரான் அவள் அப்பாவின் கையை உடைத்தாள்.

அப்போது அவளுக்கு இருபது வயது. நானும் அவளும் முற்றத்தில் பாய் விரித்துப் பயறு அடித்துக்கொண்டிருந்தோம். அவர் குடித்துவிட்டு வந்தார். மதியச் சோறு ஆறியிருந்தது, அவ்வளவுதான். முதலில் பாயைக் காலால் எத்தினார். முற்றம் முழுக்க, சாக்கடை வரைக்கும் பயறு சிதறியது. நான் குனிந்து பொறுக்கப் போனேன். தோள்மேல் மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி காலைத் தூக்கினார். ஓக்ரான் கையில் தடி இருந்தது. ஒரே அடி. மணிக்கட்டு போய்விட்டது.

ஊர் கூடியது. என் தோளைப் பார்க்க யாரும் கூடவில்லை. பெற்ற அப்பன் மேல் பெண்பிள்ளை கை ஓங்கிவிட்டாள், அதுவும் அவர் சோறு தின்கிற கையை உடைத்துவிட்டாள் என்றுதான் கூடினார்கள். மூத்தார் நடு முற்றத்தில் நின்று, இவள் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார். நான் ஒரு கை தொங்க, பேச மூச்சில்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தேன். ஓக்ரான் ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு போனாள். இருபது வருடம் ஆகிறது, மறுபடி இந்த வீட்டுக்குள் வரவில்லை. அப்பா சாவுக்கு வந்தவளையும் மூத்தார் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்.

புசான் நகரத்தில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். நான் வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். அவர் போன பிறகு, இனி வா, இனி யார் தடுப்பது என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். ஒரே பதில்தான்.

“நீ வருஷா வருஷம் கதவைத் திறந்து வெச்சு அவரைக் கூப்பிடுற. வெள்ளரிசிச் சோறு பொங்கி, கரண்டியைக் குத்தி வெச்சு, சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு கும்பிடுற. அவர் வந்து போற வீட்டுக்கு நான் எப்படிம்மா வருவேன்?”

“ஆவி வருதுன்னு நீ நம்புறியாடி?”

“நம்பல. ஆனா நீ கதவைத் தெறந்து வெக்கிறது நெசந்தானே?”

இந்த வருடமும் அறுப்பு முடிந்ததும் பயற்றை அனுப்பினேன். நல்ல பயறு. சாப்பாட்டுப் பலகையை ஒரு பக்கம் சாய்த்து மேலிருந்து கொட்டினால், உருண்டு திரண்டதெல்லாம் தானாக ஓடி இறங்கும், பூச்சி அரித்ததும் சூம்பியதும் பலகையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓடி இறங்கியதை மட்டும்தான் அவளுக்கு அனுப்புவேன். பொட்டலம் கிடைத்ததும் போன் பண்ணினாள்.

“கஞ்சி வெச்சேம்மா. உன்னுது மாதிரி வரல. கசக்குது.”

“மொதக் கொதி தண்ணியைக் கீழ கொட்டுனியா?”

“கொட்டணுமா?”

“கொட்டாம? அதுலதான் கசப்பு மொத்தமும் இருக்கு. கொட்டிட்டு வேற தண்ணி ஊத்தி வேகவெக்கணும். இத்தனை வயசாச்சு, கஞ்சி காய்ச்சத் தெரியல.”

“யார் சொல்லிக் குடுத்தா?” என்றாள்.

பிறகு நான்தான் கேட்டேன், “தொங்ஜிக்கு வாயேன்டி. ஒரு தடவை.”

“நீ கஞ்சி வெப்பியா?”

நான் சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தைப் பார்த்தேன்.

“பாத்தியா? உன் பயறு, உன் அடுப்பு. ஆனா பயம் அவருக்கு” என்றாள். “சரி, நான் ஒண்ணு சொல்றேன். என்னைக்கு அந்தக் கதவுல உன் கையால கஞ்சியைப் பூசுறியோ, அன்னைக்கு வரேன். பூசலேன்னா இனிமே என்னைக் கூப்பிடாத. இதான் கடைசி.”

போனை வைத்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தேன். இந்த வருடம் திதி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. தொங்ஜி அன்றுதான் அவருடைய திதி. ஒரே நாள், ஒரே வாசல். அவர் வரவேண்டும் என்றால் அவள் வரமாட்டாள். அவள் வரவேண்டும் என்றால் அவரை விரட்ட வேண்டும். நானாக ஏற்பாடு செய்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது. மறுபடி போன் போட்டு, “சாயங்கால பஸ்ஸுக்கு வந்துடு” என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்குக் காலையில் சுன்தோக் வீட்டுக்குப் போய், வழக்கம்போல மாதத் தொடக்கத்தில் அங்கே கொண்டுவைத்த கோணியைக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒரு பாட்டில் போதுமா?”

“எல்லாத்தையும் குடு. என் வீட்டுப் பயறு என் வீட்டுலயே இருக்கட்டும்.”

பெரிய இரும்புச் சட்டியில் பயற்றைக் கொட்டினேன். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு விரலில் வைத்து அழுத்தினால் மசியும் வரை வேகவைத்தேன். சல்லடையில் போட்டுத் தேய்த்துத் தோலை ஒதுக்கினேன். தேய்க்கத் தேய்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நாலு வருடம் இந்தக் கையால் அந்த மனிதனுக்கு மீன் பொரித்தேன், பேரிக்காய் சீவினேன், சோற்றைக் கோபுரமாகக் குவித்து வைத்தேன். உயிரோடு இருந்தபோது ஆறிய சோற்றுக்கு என் தோளை உடைத்தவனுக்கு, செத்த பிறகு ஆவி பறக்கச் சோறு. அதுவும் கும்பிட்டு. என்ன பிழைப்பு இது?

மூத்தார் மதியம் போன் பண்ணினார். “எல்லாம் ஆவுதாம்மா? சாயங்காலம் ஏழு மணிக்கு வெச்சுக்கலாம்.”

“அடுப்புல இருக்கு பெரியத்தான்” என்றேன். பொய் சொல்லவில்லை.

மேலே தெளிந்த தண்ணீரில் அரிசியைப் போட்டுப் பொங்கவிட்டு, அடியில் தங்கிய விழுதைக் கடைசியில் சேர்த்தேன். விழுது விழுந்துவிட்டால் கரண்டியை எடுக்கக் கூடாது, கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி பிடிக்கும். மேலே தெறித்துக் கையைச் சுடும். சுட்டது. அரிசிமாவை உருட்டிப் போட்டேன். உருண்டைகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. உப்பு போட்டு இறக்கி, ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கதவின் இரண்டு பக்கத் தூணிலும் பூசினேன். கரண்டியால் இல்லை, கையால். கெட்டியாக, கண்ணில் படாமல் போக வழியே இல்லாதபடி பூசினேன்.

மகன் யோங்சிக் முதலில் வந்தான். டவுனில் வேலை. சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்கிற பிள்ளை. தூணைப் பார்த்தான், சமையலறைக்கு ஓடிவந்து சட்டியைப் பார்த்தான்.

“அம்மா! இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா?”

“தொங்ஜி.”

“அப்பா திதிம்மா!”

“அதுவும்தான்.”

அவன் ஒரு துணியை எடுத்துக்கொண்டு தூணைத் துடைக்க ஓடினான். நான் பின்னாலேயே போய்த் துணியைப் பிடுங்குவதற்குள் மூத்தாரின் கார் வந்து நின்றுவிட்டது. கருப்புக் கோட்டு, கருப்பு டை. பின்னால் என் ஓரகத்தி, மடியில் பழக்கூடையோடு. மூத்தார் காரிலிருந்து இறங்கி வாசலைப் பார்த்தார். முகம் கஞ்சி நிறத்துக்கு வந்தது.

“என்ன கன்றாவி இது? யார் பண்ணது?”

யோங்சிக் முந்திக்கொண்டான். “பெரியப்பா, கோவப்படாதீங்க. அம்மாவுக்கு வயசாயிடுச்சு. தொங்ஜின்னு நெனச்சுட்டாங்க, திதி மறந்துபோச்சு. கொஞ்ச நாளாவே இப்படித்தான், எதை எங்க வெச்சோம்னு தெரியாம...”

மூத்தார் குரல் உடனே இறங்கியது. “அப்படியா? அய்யோ பாவம். ஆஸ்பத்திரியில காட்டுனியா? சரி சரி, கழுவிவிடு. ஏம்மா, நீ உள்ள போய் உக்காரு. நாங்க பாத்துக்கறோம்.”

அவ்வளவு கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. தோள் உடைந்த அன்றுகூட இல்லை. நான் ஒரு வேலையைத் தெரிந்து செய்வேன் என்று இந்த இரண்டு ஆண்களுக்கும் தோன்றவே இல்லை. கோபக்காரியாக இருந்தால் குற்றம், கிறுக்கியாக இருந்தால் மன்னிப்பு. பெற்ற பிள்ளையே அந்த மன்னிப்பை எனக்கு வாங்கித் தருகிறான்.

“எனக்கு ஒண்ணும் மறக்கல” என்றேன். “இன்னைக்கு சோங்மான் திதி. தெரியும். தெரிஞ்சேதான் கஞ்சி வெச்சேன், தெரிஞ்சேதான் பூசுனேன்.”

“அம்மா, பேசாம இரு!”

“நீ பேசாம இருடா. இருபது வருஷமா பேசாமத்தானே இருக்கே?”

மூத்தார் ஒரு அடி முன்னால் வந்தார். “அறிவிருக்கா உனக்கு? என் தம்பி பசியோட வந்து இந்தக் குளிர்ல வாசல்ல நிப்பான். உள்ள வரமுடியாம நிப்பான்!”

“நிக்கட்டும். என் பொண்ணு நிக்கல? அப்பன் சாவுக்கு வந்தவளை இதே வாசல்ல நிறுத்துனது யாரு?”

“அப்பன் கையை ஒடச்சவ ஒரு பொண்ணா?”

“என் தோளை ஒடச்சவன் ஒரு புருஷனா? அதைக் கேக்க உங்க வாய்க்கு என்ன ஆச்சு?”

அவருக்கு என்று ஒரு கடைசி ஆயுதம் இருந்தது.

“சரி. இனிமே என் தம்பிக்கு இந்த வீட்டுல படையல் கெடையாது. அவன் என் வீட்டுக்கு வருவான். அவன் படத்தை எடு! நீ இந்தக் குடும்பத்துக்கு யாரும் இல்ல.”

இதைச் சொன்னால் நான் காலில் விழுவேன் என்று நினைத்தார் போல. நான் உள்ளே போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, தூசியைக்கூடத் தட்டி, அவர் கையில் கொடுத்தேன்.

“வெச்சுக்குங்க. சோறு சூடா இருக்கணும். ஆறிப்போச்சுன்னா தட்டு பறக்கும், தலையைக் குனிஞ்சுக்குங்க. குடிச்சுட்டு வந்தா மட்டும் எதுத்துப் பேசாதீங்க. மத்தபடி நல்ல மனுஷன்.”

அப்போதுதான் என் ஓரகத்தி காரிலிருந்து இறங்கினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் எதிரில் அவள் குரல் எழும்பி நான் கேட்டதில்லை. பழக்கூடையைக் கீழே வைத்தாள்.

“யார் சமைக்கிறது?” என்றாள்.

“என்னது?” என்றார் மூத்தார்.

“உங்க தம்பி நம்ம வீட்டுக்கு வந்தா யார் சமைக்கிறதுன்னு கேக்கறேன். உங்க அப்பா, அம்மா, தாத்தா, ஆயா, அதுக்கு மேல ரெண்டு தலைமுறை. வருஷம் முழுக்க செத்தவங்களுக்கு ஆக்கிப்போட்டே என் முட்டி தேஞ்சுபோச்சு. இவனுக்கும் நானா? என்னால ஆவாது.”

“ஏய், வாயை மூடு!”

அவள் மூடவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “மால்னியோ, கஞ்சி சூடா இருக்கா? காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூத்தார் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே வைக்கவும் முடியவில்லை, தூக்கிக்கொண்டு போகவும் வழி தெரியவில்லை. தம்பி மேல் அத்தனை பாசம், ஒரு நாள் சோறாக்கிப் போட மட்டும் கை இல்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. கடைசியில் காரைக்கூட எடுக்காமல், படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையில் நடக்க ஆரம்பித்தார். யோங்சிக் “பெரியப்பா, பெரியப்பா” என்று பின்னாலேயே ஓடினான்.

உள்ளே ஓரகத்திக்கு ஒரு கிண்ணம் ஊற்றினேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “உப்பு கம்மி” என்றாள். உப்பை எடுத்துக் கொடுத்தேன். வெளியே இருட்டிவிட்டது. பஸ் வரும் நேரம் தாண்டிவிட்டது. கஞ்சிமேல் ஆடை கட்டியது. கிண்டினேன். மறுபடி கட்டியது. வரமாட்டாளோ என்று நினைத்தபோது எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. இன்னும் நான் என்னதான் செய்வது?

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஓக்ரான் தூணுக்கு முன்னால் நின்றாள். கையில் ஒரு பை. முன் மயிர் நரைத்திருந்தது. கஞ்சி தூணில் வழிந்து, காய்ந்து, கருத்துப்போயிருந்தது. அதையே பார்த்தாள்.

“வழியில பெரியப்பாவைப் பாத்தேன்” என்றாள். “அப்பா படத்தைத் தூக்கிக்கிட்டுப் போறாரு. என்னைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.”

“ஆமா. நான்தான் குடுத்தேன்.”

“குடுத்துட்டியா? சும்மா கழட்டிக் குடுத்துட்டியா?”

“ஆமாடி.”

அவள் முகம் கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. கத்தினாள்.

“இவ்ளோதானா? ஒரு சட்டி கஞ்சியா? ஒரு சட்டி கஞ்சியில முடியுற விஷயமா இது? அவர் செத்த மறுநாளே பண்ணியிருக்கலாமே நீ! என்னை இதே வாசல்ல வெச்சுத் தொரத்துனாங்களே, அன்னைக்கே பண்ணியிருக்கலாமே! நாலு வருஷம், நாலு வருஷம் அவருக்கு சோறு வெச்சியேம்மா!”

அக்கம்பக்கத்தில் விளக்கு எரிந்தது. சுன்தோக் வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அத்தனை வருடத்துக்கும் சேர்த்துக் கத்தினாள். கத்திக்கொண்டே நின்றாள், உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

“திட்டு” என்றேன். “இன்னும் நல்லா திட்டு. ஆனா உள்ள வந்து திட்டுடி. கஞ்சி ஆறுது.”

அவள் பையை என் கையில் கொடுத்தாள். வாசலைத் தாண்டினாள். திட்டுவதை நிறுத்தவில்லை.